ஒரே தாய்ச்செடி

பமேலாவுக்கு அர்ச்சுனன் தர வேண்டியது நானூற்று இருபது வெள்ளி. வாங்கும்போது அதைக் கடன் என்றே அவன் நினைக்கவில்லை. காயாகவே கழித்துவிடுகிறேன் என்று சொல்லித்தான் வாங்கினான். அந்தப் பணம் இப்போது வீட்டுக்குப் பின்னால், மலை மழைக்குத் தடுப்பாக, நான்கு கம்பத்தின்மேல் பிளாஸ்டிக் கூரையாக நிற்கிறது. கூரைக்குக் கீழே ஆறு செடிகள். இடுப்புக்கு மேல் வளர்ந்து, கொப்பு தாங்காமல் சாய்ந்து, உடம்பெல்லாம் மஞ்சள் பூ. காய்தான் ஒன்றுகூட இல்லை.

பமேலா, பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவனோடு பால்மரம் வெட்டிய ஸ்டானிஸ்லாசின் மகள். ஈப்போவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாள். மெக்சிக்கோ ரொட்டி, உள்ளே கோழி, மேலே புளிப்பாக ஒரு பச்சைச் சட்னி. அந்தச் சட்னிக்கு டொமாட்டில்லோ என்று ஒரு தக்காளி வேண்டும். காகிதம் மாதிரி ஒரு கூட்டுக்குள் பச்சையாகக் காய்க்கும், குளிர்ந்த இடத்தில் நன்றாக வரும் என்று படத்தைக் காட்டினாள். அர்ச்சுனன் இருப்பது தாப்பாவுக்கு மேலே மலை ரோட்டோரம், சாயங்காலமே போர்வை தேடும் இடம். படத்தைப் பார்த்ததும் அவன் மனைவி நல்லம்மாள் சிரித்துவிட்டாள்.

"இது நம்ம சொடக்குத் தக்காளிலா. இதைப் புடுங்கிப் போடத்தானே தோட்டத்துல எனக்குச் சம்பளம் குடுத்தாங்க."

அர்ச்சுனன் சிரிக்கவில்லை. அவன் சீன முதலாளி தவுக்கேயின் காய்கறித் தோட்டத்தில் பூச்சி மருந்து அடிக்கிறவன். நிறைத்த பம்பை முதுகில் ஏற்றிக்கொண்டு சரிவில் ஏறி இறங்கி, முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டது. பமேலா வாராவாரம் காய் எடுத்துக்கொண்டால் அந்தப் பம்பை இறக்கி வைத்துவிடலாம். தீபாவளியோடு மருந்தடிப்பதை விட்டுவிடுவதாக வீட்டில் சொல்லியும்விட்டான்.

பமேலா கொடுத்த விதை நன்றாகத்தான் முளைத்தது. தினம் போய்ப் பார்த்தான். ஒரு கன்று மட்டும் தண்டு பருத்து, இலை அகன்று, மற்றதை எல்லாம் அமுக்கிக்கொண்டு எழுந்தது. அதை விட்டுவிட்டு மீதியைப் பிடுங்கி எறிந்தான். நல்லம்மாளுக்கு வயிறு எரிந்தது. அவன் விளக்கம் சொன்னான். முன்பு ரப்பர் தோட்டத்து நர்சரியில் அவன் ஒட்டுக் கட்டியவன். நிறையப் பால் தரும் ஒரு மரத்தைத் தாய்மரமாகப் பிடித்து, அதன் மொட்டைச் சீவி எடுத்து எல்லாக் கன்றுக்கும் கட்டுவார்கள். அப்புறம் அந்த மலை முழுக்க அந்த ஒரே மரம்தான். தாய் கொடுக்கிற பாலை எல்லாம் கொடுக்கும். விதையை நம்பினால் ஒன்று யானையாக வரும், ஒன்று பூனையாக வரும். ஆகவே தாய்ச்செடியின் கொப்பை ஒடித்து மண்ணில் ஊன்றினான். ஊன்றிய ஐந்தும் வேர் பிடித்தன. அன்றைக்கு இரண்டு கை சோறு அதிகமாகச் சாப்பிட்டான்.

பூத்த பிறகுதான் வேதனை. பூ காம்போடு உதிர்ந்தது. கோழி எரு போட்டான், சாம்பல் தூவினான், தண்ணீரைக் குறைத்தான், பிறகு கூட்டினான், நுனியைக் கிள்ளினான். இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில பூக்கள் கூடு கட்டி ஆசை காட்டின. பிய்த்துப் பார்த்தால் உள்ளே காற்றுதான். கண் பட்டுவிட்டது என்று நல்லம்மாள் மிளகாய் சுற்றிப் போட்டாள். பமேலா போனில் கூப்பிட்டால் அவன் போனைக் கவிழ்த்து வைத்தான். சாக்கடை ஓரத்தில், யாரும் விதைக்காத ஒரு காட்டுச் சொடக்கு ஒற்றையாக நின்று காய்த்துத் தள்ளிக்கொண்டிருந்தது. ஒருநாள் வேலை முடிந்து வரும்போது அதை வேரோடு பிடுங்கி ரோட்டில் வீசினான்.

ஞாயிற்றுக்கிழமை, கோயில் பூசை முடிந்ததும் பமேலா காரை எடுத்துக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டாள். கூரைக்குக் கீழே குனிந்து போய் ஒவ்வொரு செடியாகத் தொட்டுப் பார்த்தாள். இது தனியாக ஒன்று நின்றால் காய்க்காதாம், துணைக்கு இன்னொன்று வேண்டுமாம், ஆனால் இங்கே ஆறு இருக்கிறதே என்று குழம்பினாள்.

"ஆறு எங்கம்மா இருக்கு?" என்றாள் நல்லம்மாள். "ஆறும் ஒண்ணுதான். இவருதான் ஒரே செடியிலேருந்து ஒடிச்சு ஒடிச்சு நட்டாரு."

பமேலா போனைத் தேய்த்துத் தேய்த்துப் படித்தாள். பிறகு, அடிபட்டவனிடம் பேசுவதுபோல மெதுவாகச் சொன்னாள். ஒரு செடியின் மகரந்தம் அதே செடிக்குச் சேராது. வேறு விதையில் முளைத்தது பக்கத்தில் பூக்க வேண்டும். கொப்பு எத்தனை நட்டாலும் அது அதே செடிதான்.

அர்ச்சுனன் பிடுங்கி எறிந்த கன்றுகளை நினைத்தான். பூனை ஒன்று போதுமாக இருந்திருக்கும்.

"இதை நீ முன்னாடியே சொல்லியிருக்கலாம்லா" என்றான்.

"ஒரு பாக்கெட் விதை குடுத்தேன் அங்கிள். நீங்க ஒண்ணை மட்டும் வச்சுக்குவீங்கன்னு யாரு கண்டா?"

அதுவும் நியாயம்தான். கோபப்பட ஓர் ஆள்கூட இல்லாதது அவனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. திரும்ப விதைக்கட்டுமா என்று கேட்டான். அவள் காரைப் பார்த்தாள். கடை காத்திருக்காது, கோலாலம்பூரிலிருந்து டின்னில் அடைத்தது வரத் தொடங்கிவிட்டது என்றாள். பிறகு, ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான், அதைச் சொன்னாள்.

"அந்தக் காசை விடுங்க அங்கிள். அப்பாகிட்டயும் சொல்லிட்டேன், பாவம், அங்கிள் ரொம்பக் கஷ்டப்பட்டாருன்னு."

ஸ்டானிஸ்லாசின் வாளியைவிடத் தன் வாளியில் பால் குறைந்தால் சாப்பிடாமல் படுத்தவன் அர்ச்சுனன். அவளுக்குத் தேத்தண்ணி கலக்கச் சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு தவுக்கே வீட்டுக்கு நடந்தான். நானூற்று இருபது வெள்ளி முன்பணமாகக் கேட்டான். தவுக்கே காரணம் எதுவும் கேட்கவில்லை. சீனப் பெருநாள் வரைக்கும் மருந்தடிக்க ஆள் வேண்டும் என்று மட்டும் சொன்னார். அவன் தலையாட்டினான்.

பமேலா பணத்தை வாங்க மறுத்தாள். அவன் நீட்டிய கையை மடக்கவில்லை. "வாங்கிக்கம்மா" என்றாள் நல்லம்மாள். "இல்லேன்னா இவரு தூங்க மாட்டாரு, என்னையும் தூங்க விட மாட்டாரு." பமேலா எண்ணாமல் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை பனி இறங்கிக்கொண்டிருந்தது. பின்கட்டுக் குழாயில் பம்பை நிறைத்து, முட்டியில் கை ஊன்றி எழுந்து, வாரை இறுக்கினான் அர்ச்சுனன். முதுகில் தண்ணீர் இப்படியும் அப்படியும் அலைந்தது. கூரைக்குக் கீழே ஒரு கருவண்டு. முதல் செடியில் ஒரு பூவுக்குள் தலையை விட்டு, உடம்பெல்லாம் மஞ்சள் பொடியாக வெளியே வந்து, அடுத்த செடிக்குப் போனது. அங்கிருந்து அதற்கடுத்த செடிக்கு. ஒரு பூ விடாமல், அவசரமில்லாமல், ஆறையும் சுற்றிக்கொண்டிருந்தது.