வராத அறுபத்து நான்கு பேர்

எங்கள் அறுவைச் சிகிச்சை இதழுக்கு இருபத்தைந்து வயது நிறைகிறது. முதல் இதழ் முப்பத்திரண்டு பக்கம். அட்டையிலேயே எழுத்துப் பிழை. இப்போது பன்னிரண்டு நாடுகளிலிருந்து கட்டுரைகள் வந்து வரிசையில் நிற்கின்றன. தரமான மருத்துவ இதழ்களின் உலகப் பட்டியலில் சேர்ப்பதற்கான விண்ணப்பமும் கடைசிக் கட்டத்தில் இருந்தது. வந்த வழியையும் இனிப் போக வேண்டிய திசையையும் சொல்லி ஆசிரியர் ஒரு தலையங்கம் எழுதித் தந்திருந்தார். அதைச் செப்பனிட்டுத் திங்கட்கிழமை அச்சுக்கு அனுப்புவது என் வேலை.

நான் டாக்டர் இல்லை. டாக்டர்கள் எழுதுவதை மனிதர்கள் படிக்கும்படி ஆக்கித் தருகிறவள், பத்தொன்பது வருடமாக. அவர்கள் கத்தி பிடிக்கிற லட்சணம் எனக்குத் தெரியாது, பேனா பிடிக்கிற லட்சணம் நன்றாகத் தெரியும். ஆசிரியருக்கு நாங்கள் வைத்த பெயர் கத்தரி. பத்துப் பக்கம் கொடுத்தால் நாலு பக்கமாக நறுக்கிவிடுவார். அவருடைய சொந்தக் கட்டுரையில் மட்டும் அந்தக் கத்தரி பட்டதில்லை.

அந்தக் கட்டுரைதான் எங்கள் இதழுக்குப் பெயர் வாங்கித் தந்தது. பழைய ஆபரேஷன் தழும்பு பலவீனப்பட்டுக் குடல் பிதுங்குகிறவர்களுக்கு, உள்ளே செயற்கை வலைத்துணி எதுவும் வைக்காமல் அடுக்கடுக்காகத் தைத்து மூடுகிற அவருடைய முறை. இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் மூன்று பேருக்குத்தான் மறுபடி பிதுங்கியது, மற்ற இருநூற்று ஒன்பது பேரும் நலம் என்று சொல்கிறது மூன்றாம் அட்டவணை. தலையங்கத்தில் அதற்கு முழுசாக ஒரு பத்தி.

வெள்ளிக்கிழமை காலை ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்க்கும் பெண் சர்ஜன். அந்த முறையில் எங்கள் ஆசிரியர் தைத்த ஏழு பேருக்கு மறுபடி பிதுங்கி, தான் திரும்ப ஆபரேஷன் செய்ததாகச் சொல்லியிருந்தார். ஏழு பேரில் ஒருவர்கூட ஆசிரியரிடம் திரும்பிப் போகவில்லையாம். வராதவர்களை எந்தக் கணக்கில் சேர்த்தீர்கள் என்பது அவருடைய ஒரே கேள்வி.

கட்டுரையோடு அவர் தந்திருந்த பழைய நோயாளிகள் கோப்பை எடுத்துப் பார்த்தேன். ஒரு வருடம் கழித்துப் பரிசோதனைக்கு வராதவர்கள் அறுபத்து நான்கு பேர். ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் கத்தரியின் கையெழுத்தில் "புகார் இல்லை" என்றிருந்தது. புகார் இல்லாத அத்தனை பேரையும் நலமானவர்களோடு சேர்த்திருந்தார். ஆஸ்பத்திரியில் அவர் பிரிவில் அதுதான் வழக்கம். கஷ்டம் இருந்தால் ஓடி வந்திருப்பார்கள், வரவில்லையென்றால் சுகமாக இருக்கிறார்கள்.

அந்த அறுபத்து நான்கில் நாற்பத்தோராவது பெயர் என் அக்காவுடையது.

அந்த அட்டவணையைச் சரிபார்த்து அச்சுக்கு அனுப்பியவள் நான்தான். அக்காவுக்கு மறுபடி பிதுங்கியது அப்போதே எனக்குத் தெரியும். வயிற்றுக்குப் பட்டை வாங்கிக் கொடுத்ததே நான். ஆனால் அட்டவணையில் நான் பார்த்தது கூட்டுத்தொகையை. மூன்றும் இருநூற்று ஒன்பதும் சேர்ந்து இருநூற்றுப் பன்னிரண்டு வந்தது, சரி என்று குறியிட்டேன். அதற்குள் அக்கா இருப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது. எனக்கு வெட்கம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும்.

கடிதத்தையும் கோப்பையும் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தேன். இரண்டையும் படித்தார்.

"அடுத்த இதழ்ல பார்ப்போம்," என்றார். "இப்ப போட்டா பட்டியல்காரங்க நம்ம விண்ணப்பத்தத் தூக்கி ஓரமா வச்சிடுவாங்க. இருபத்தஞ்சு வருஷ உழைப்பும்மா."

"அடுத்த இதழ்னா கிடப்புல போடறதுன்னு எனக்குத் தெரியாதா டாக்டர்? நாப்பத்தொண்ணாவது பேரு எங்க அக்கா. பத்து வருஷமா பட்டை கட்டிக்கிட்டுத்தான் நடமாடறா."

அவர் அந்தப் பெயரைத் தேடிப் பார்த்தார். அப்புறம் அக்காவின் நம்பரை வாங்கி, என் எதிரிலேயே ஸ்பீக்கரில் போட்டார். தான் யாரென்று சொல்லிவிட்டு, "வயிறு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கேன் டாக்டர்," என்றாள் அக்கா. "எல்லாம் உங்க கைராசி. ஒரு குறையும் இல்ல."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கத்தரி போனை வைத்தார். கேட்டீங்களா என்பார், கடிதம் அலமாரிக்குள் போய்விடும் என்று நினைத்தேன். அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பவும் வராதவங்களுக்கெல்லாம் போன் போட்டுக் கேட்டேம்மா," என்றார். "எல்லாரும் இதையேதான் சொன்னாங்க." கார் சாவியை எடுத்துக்கொண்டே, "அக்கா வீடு எவ்வளவு தூரம்?" என்றார்.

அரைமணி நேரத்தில் போய்விட்டோம். கதவைத் திறந்த அக்கா என்னைத்தான் முறைத்தாள். டாக்டரைப் பார்த்ததும் முந்தானையை இழுத்து வயிற்றை மறைத்துக்கொண்டாள்.

கட்டிலில் படுக்கச் சொன்னார். பட்டையைக் கழற்றித் தழும்பின் மேல் கையை வைத்து, இருமச் சொன்னார். அக்கா இருமினாள். அவர் கை மேலே எழும்பியதை நான் பார்த்தேன். இன்னொரு தடவை இருமச் சொன்னார். அப்புறமும் கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

"ஏம்மா திரும்பி வரல?"

"எல்லாருக்கும் சரியாச்சுன்னு சொன்னாங்க. எனக்கு மட்டும் ஆகலன்னா என் உடம்புலதான் கோளாறுன்னு நெனச்சேன். அவ்வளவு பாடுபட்டுத் தச்சு விட்டீங்க, உங்ககிட்ட வந்து சரியாகலன்னு எந்த வாயால சொல்றது?" அக்கா எழுந்து உட்கார்ந்தாள். "நான் வந்து சொல்லியிருக்கணுமோ?"

"நான் வந்து கேட்டிருக்கணும்," என்றார் அவர். மறுபடி தைப்பதற்கு அந்தப் பெண் சர்ஜனிடமே அனுப்புவதாகவும், தானே கூட வருவதாகவும் சொன்னார்.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் தலையங்கத்தை எடுத்தார். தன் கட்டுரையைப் பற்றிய பத்தியை முழுசாக அடித்தார். அந்தப் பெண் சர்ஜனின் கடிதத்தை ஒரு சொல் குறைக்காமல் முதல் பக்கத்தில் போடச் சொன்னார். விண்ணப்பம் என்ன ஆகும் என்று கேட்டேன். பட்டியல்காரர்களுக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொன்னார். சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது.

பிறகு மூன்றாம் அட்டவணையை எடுத்து, தன் கையால் தொட்டுப் பார்த்த ஒருத்தரை மட்டும் கணக்கில் கொண்டு, பென்சிலால் இருநூற்று ஒன்பதை இருநூற்று எட்டாக்கினார், மூன்றை நான்காக்கினார். இனிப் போக வேண்டிய திசை என்று அவர் எழுதியிருந்த இரண்டு பக்கமும் மேஜையில் கிடந்தன. அதை என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.

"அது இருக்கட்டும். மீதி அறுபத்து மூணு பேரோட முகவரிய எடுங்கம்மா," என்றார். "போன் நம்பர் வேணாம்."