கீழ்த்தட்டுக்கு அனுப்பப்பட்டவன்

1
இந்தக் கதை ஆத்திரத்தில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். அத்தாலியாத் துறைமுகத்தில் பேரரசின் போர்க்கப்பல் தலைவர்களுக்கான விதிகளைப் படியெடுப்பது என் பிழைப்பு. போன வாரம் ஒரு விதி வந்தது: கோழைகளைக் கீழ்த்தட்டுத் துடுப்புக்கு அனுப்பு, மேல்தட்டில் எவனாவது காயம்பட்டால் கீழேயிருந்து ஆள் எடு. கை அப்படியே நின்றுவிட்டது. கோழை என்று தள்ளியவனையே ஆபத்து வந்ததும் கூப்பிடுவார்களாம். என்ன நெஞ்சழுத்தம்.

2
முதல் முயற்சி: பொன்னிறக் கதிர்கள் கடலைத் தழுவிய அந்த இனிய காலையில் எங்கள் வீரக் கப்பல்...

வேண்டாம். கீழ்த்தட்டில் கதிர் ஏது? துடுப்புத் துளை வழியே உப்புத் தண்ணீர்தான் வரும்.

இரண்டாம் முயற்சி: கொஸ்மாஸ் மேல்தட்டில் துடுப்பும் ஈட்டியும் பிடித்தவன். தார்சூஸிலிருந்து தாக்க வந்த அரபுக் கப்பல்கள் கண்ணில் பட்ட காலையில், தன் கப்பல் தலைவன் சிசின்னியோஸிடம் போனான்.

"தலைவரே, எதிர்காத்து அடிக்குது. இப்பத் தீக்குழாயைத் தொறந்தா பீச்சுற நெருப்பு நம்ம மூஞ்சியிலதான் அடிக்கும். சுத்திப் போயிடலாம்."

"பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லு. காத்து மேல ஏன் பழி போடற? கீழ போய் உக்காரு."

மேல்தட்டே சிரித்தது. கொஸ்மாஸ் இறங்கினான்.

[அவன் நிஜமாகவே பயந்தானா? எழுதும்போது எனக்கே சந்தேகம் வந்தது. பயந்திருக்கலாம். அதனால் காற்று திசை மாறிவிடுமா?]

3
தீக்குழாயைத் திறந்தார்கள். தீ திரும்பி வந்தது. முன்பக்கம் நின்றவர்கள் கருகினார்கள். அரபுக் கப்பல் ஒன்று பக்கவாட்டில் வந்து கொக்கி போட்டது.

கீழ்த்தட்டு வாசலில் சிசின்னியோஸ் தலையை நீட்டினான். பாதித் தாடியைக் காணோம்.

"கொஸ்மாஸ், மேல வா. ஈட்டியை எடு."

"காலையில கோழைன்னீங்க. மத்தியானத்துக்குள்ள வீரனாயிட்டேனா?"

"மேல ஆள் இல்லடா."

பக்கத்தில் துடுப்புப் பிடித்திருந்த லாம்ப்ரோஸ் கொஸ்மாஸின் காதில் சொன்னான்: "போயிடு மாப்ளே. கோவத்தை அப்புறம் வச்சுக்கலாம். அவனுங்க ஏறிட்டா நாமளும் சேர்ந்துதான் மூழ்கணும்."

4
முடிவு அ: கொஸ்மாஸ் பாய்ந்து ஏறி, ஏழு பேரை வீழ்த்தி, கப்பலைக் காப்பாற்றி...

அடித்துவிட்டேன். இது சிசின்னியோஸுக்குப் பிடித்த முடிவு. கீழே அனுப்பியதால்தான் ரோஷம் வந்தது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிவான்.

முடிவு ஆ: கொஸ்மாஸ் ஏற மறுத்து உட்கார்ந்துவிடுகிறான். 'அப்போதே சொன்னேனே, கோழை' என்பான் சிசின்னியோஸ். பாவம் லாம்ப்ரோஸும் செத்துப்போவான்.

எப்படி எழுதினாலும் அந்த ஆளின் வாய்தான் ஜெயிக்கிறது.

5
சிசின்னியோஸை ஒரே ஒரு முறை மன்னிப்புக் கேட்கவைக்க நான்கு தாள்களை வீணாக்கினேன். காலில் விழ வேண்டாம், 'நீ சொன்னது சரிதான்' என்றால் போதும். கப்பலே மூழ்கினாலும் அவன் வாயிலிருந்து அது வருவதாக இல்லை.

ஆகவே நான் எழுதுவதை நிறுத்திக்கொள்கிறேன். கொஸ்மாஸ் ஏறத்தான் வேண்டும் என்று நினைத்தால், அந்த வாசலில் நீங்களே குனிந்து அவனிடம் மன்னிப்புக் கேளுங்கள். மேலே ஆட்கள் விழுந்துகொண்டிருக்கிறார்கள். சீக்கிரம் கேளுங்கள்.