சூலம் பார்த்த வெள்ளிக்கிழமை

முதல் நாள் முடிச்சை அவிழ்க்கும்போது பக்கத்து வீட்டுக் கருப்பம்மாவின் கை தயங்கியது. அந்த வாரத்து அரிசியைத் தோட்டத்தில் இன்னும் போடவில்லை. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் எந்த வீட்டிலும் ஒரு பிடி கிடையாது. வாய்க்கரிசிக்கு வேறு வழி தெரியாமல்தான் இராக்கம்மா அந்த மூட்டையைக் காட்டினாள்.

கூடத்தில் கிடத்தியிருந்த அவள் புருஷன் வீரய்யா தன் கையால் கட்டிவைத்த மூட்டை அது. பழைய வேட்டியை நீளவாக்கில் கிழித்து, வழிச் சோற்றுக்கான அரிசியை நாளுக்கு ஒன்றாக ஐந்து முடிச்சு போட்டிருந்தார். முதல் நாள் பசறை, மறுநாள் பதுளைக் கோயில் மடம், மூன்றாம் நாள் ஹாலிஎல வழியாகப் பண்டாரவளை. நான்காம் நாள் ரயிலேறி ஹட்டன். அங்கிருந்து ஒரு நாள் நடந்தால் மகள் கனகம் வாழ்க்கைப்பட்ட தோட்டம். ரயிலைக் கண்ணால்கூடப் பார்க்காத மனிதர், லுணுகலைக் கடைக்கார நஸீரிடம் ஒரு மாதமாக விசாரித்து எல்லாவற்றையும் மனப்பாடம் செய்திருந்தார். மலையைக் குடைந்த பொந்துக்குள் ரயில் போனால் இருட்டிவிடும் என்று நஸீர் சொன்னதற்காக மூட்டையில் ஒரு தீப்பெட்டியும் வைத்திருந்தார். அதைச் சொல்லிச் சொல்லி இராக்கம்மா சிரித்திருக்கிறாள்.

கனகத்துக்கு ஏழாம் மாதம். முதல் இரண்டு பிள்ளையும் தங்கவில்லை. இதுதான் இத்தனை மாதம் நின்றிருக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை வளைகாப்பு. அம்மா வந்து போட்டால்தான் வளையல் போடுவேன் என்று அந்தப் பெண் ஆள் விட்டுச் சொல்லியிருந்தாள்.

துரை எழுதிக் கொடுத்த லீவுத் துண்டு நேற்று வெள்ளிக்கிழமையே தொடங்கிவிட்டது. விடியும்போதே மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார் வீரய்யா. இராக்கம்மாதான் வாசலைத் தாண்டவில்லை. வெள்ளிக்கிழமை மேற்கே சூலம். பிள்ளைத்தாய்ச்சியைப் பார்க்கப் போகிறவர்கள் சூலத்துக்கு எதிரே போவதா என்றாள். அவர் ஒரு துண்டு வெல்லத்தை இரண்டாக உடைத்துப் பாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டு மறுபாதியை நீட்டினார்.

"வெல்லம் தின்னா சூலம் போச்சு. வா புள்ள."

அவள் அந்தக் கையைத் தள்ளிவிட்டாள். ஒரு நாளில் என்ன குடிமுழுகிவிடும், நாளைக்குப் போகலாம் என்றாள். அவர் சிரித்துக்கொண்டே மறுபாதியை மூட்டையின் ஓரத்தில் முடிந்துவைத்துவிட்டு, சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போனார். உச்சிப்பொழுதில், மழைத் தண்ணீர் ஓடக் கான் வெட்டிக்கொண்டிருந்த இடத்தில் மேலேயிருந்த கல் பெயர்ந்து அவர்மேல் உருண்டது.

எல்லாரும் அந்தக் கல்லைத்தான் திட்டினார்கள். இராக்கம்மா தன் நாக்கைத் திட்டிக்கொண்டாள். அவள் சொல்லைக் கேட்காமல் போயிருந்தால் அவர் இந்நேரம் பசறையில் இருந்திருப்பார்.

சனிப் பிணம் தனியாகப் போகாது என்று பாடையில் ஒரு சேவலைக் கட்டினார்கள். அது சிறகடித்துக்கொண்டே போனதை இராக்கம்மா கண்ணுக்கு மறைகிற வரை பார்த்தாள். அவருக்கு அந்தச் சேவல் போதுமா, இல்லை ஹட்டன் பக்கம் மகள் வயிற்றிலிருந்தும் துணை தேடுவாரா என்று நினைத்தாள்.

புதைத்துவிட்டு வந்த சாயங்காலம், வீரய்யாவின் தம்பி லிங்கம் கனகத்துக்கு ஆள் அனுப்பப் போவதாகச் சொன்னான்.

"வேணாம் தம்பி. இந்தச் சேதியக் கேட்டா இதுவும் நிக்காது. நான் போறேன்."

கருப்பம்மா திகைத்துப் போனாள். "தீட்டோட போயி வளையல் போடுவியா? இது அடுக்குமா?"

இராக்கம்மா கழுத்திலிருந்த தாலிக் கயிற்றைத் தொட்டாள். "இது பதினாறாம் நாள்தானே எறங்கணும். அதுக்குள்ள போட்டுட்டு வந்துருவேன். அப்பாவுக்கு லீவு கெடைக்கலன்னு சொல்லிக்கிறேன்."

லிங்கத்துக்கு லீவு கிடைக்காது. கூடப் போக வேறு ஆளும் இல்லை. தனியாக அவ்வளவு தூரம் வழி தெரியுமா என்று கேட்டான்.

"அதெல்லாம் அவரு சொல்லித்தான் வச்சிருக்காரு" என்றாள்.

கருப்பம்மா எழுந்து தன் வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்து, காலியாய்க் கிடந்த முதல் நாள் முடிச்சில் குரக்கன் என்கிற கேழ்வரகு மாவைக் கொட்டி இறுக்கிக் கட்டினாள். விடிந்ததும் இராக்கம்மாவின் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டதும் அவள்தான். வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பெரிய ரோடு வரை லிங்கம் மூட்டையைத் தூக்கி வந்தான். அவள் தோளில் மாற்றிவிட்ட பிறகும் சொல்லலாமா வேண்டாமா என்று நின்றான்.

"அண்ணி, ஞாயித்துக்கிழமையும் மேக்கதான் சூலம்."

இராக்கம்மா மூட்டையின் ஓரத்து முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். பாதி வெல்லம் அங்கேயே இருந்தது. எறும்பு மொய்த்திருந்தது. ஊதிவிட்டு வாயில் போட்டுக்கொண்டு பசறைப் பக்கம் நடந்தாள்.