போன வருடத்துத் தண்ணீர்

"நீ சொன்னதாலதானேடா நான்..."

"அக்கா, நான் சொல்றதைக் கொஞ்சம் முழுசா..."

"முழுசாத்தான் போன வருஷமே கேட்டேனே! 'சிக்கனமா இரு, ஆபீஸ்ல உன்னை மாதிரி ஆளுங்களைத்தான் முதல்ல கவனிப்பாங்க'ன்னு சொன்னது யாரு? உன் வாயா, ஊரான் வாயா?"

தம்பி ஸ்பேனரைத் தரையில் வைத்தான். குடிநீர் அலுவலகத்தில் மீட்டர் பார்க்கிறவன் அவன். அக்கா நடத்துவது சலவைக்கூடம். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளெல்லாம் அவளிடம்தான் வெளுக்க வரும். மழை பொய்த்து ஏரி வற்றியதும் அரசாங்கம் புது விதி போட்டுவிட்டது. போன வருடம் யார் எவ்வளவு தண்ணீர் எடுத்தார்களோ, இனி அதில் பாதிதான். ஓட்டத்தை அந்த அளவுக்குக் குறைக்கிற வால்வைக் குழாயில் மாட்டத்தான் வந்திருந்தான். வேறு ஆளை அனுப்பச் சொல்லியிருக்கலாம். கூடப்பிறந்தவன் வாயால் கேட்டால் வலி குறையும் என்று நினைத்துவிட்டான், அசடு.

போன வருடம் முழுக்க அவள் கடைசி அலசல் தண்ணீரை ஒரு சொட்டு சிந்தாமல் பிடித்து, அடுத்த மூட்டையை ஊறவைத்தாள். அதற்கான தொட்டியை ஞாயிற்றுக்கிழமைகளில் சிமெண்ட் குழைத்துக் கட்டிக் கொடுத்தவனே இவன்தான். மீட்டரில் ஓட்டம் பாதியாக இறங்கியது. போகிற தெருவிலெல்லாம் அக்காவைப் பற்றிப் பீற்றிக்கொண்டு திரிந்தான். எதிரே கார் கழுவுகிற கடைக்காரரோ குழாயை மூடியதே இல்லை. வெட்டியது போகவும் அவருக்கு இப்போது தாராளம்.

"பாதியில பாதி! இதுல விரிப்பை அலசுறதா, அழுது அலசுறதா?"

"மனு போட்டேன்க்கா. தொட்டி கட்டினவங்களுக்குன்னு விதியில ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க."

"எதிர்க்கடைக்காரர் வந்தாரு. மிஞ்சுற தண்ணியை எனக்கு விக்கிறாராம், சட்டமே இடம் கொடுக்குதாம். நல்ல மனுஷன், பாவம். தலையைச் சொறிஞ்சுக்கிட்டேதான் கேட்டாரு."

"வாங்கிக்கயேன்க்கா."

"வாங்கிட்டேன். அந்தக் காசுக்குத்தான் தேய்க்கிற பொண்ணுங்க ரெண்டு பேரையும் காலையில வேலையை விட்டு நின்னுக்கச் சொல்லிட்டேன்."

அப்போதுதான் அவன் திரும்பிப் பார்த்தான். தேய்ப்பு மேசையில் ஆளில்லை. எப்போதும் அவனைக் கிண்டல் செய்கிற அந்தச் சிரிப்புச் சத்தம் இல்லாததை உள்ளே வந்தபோதே கவனித்திருக்க வேண்டும். சண்டை போடுகிற மும்முரத்தில் தவறவிட்டான்.

அக்காவே குனிந்து ஸ்பேனரை எடுத்து நீட்டினாள்.

"மாட்டுடா. உன் வேலைக்கும் உலை வச்சுக்காதே. நம்ம ரெண்டு பேருல ஒருத்தருக்காவது சம்பளம் வரட்டும்."

மாட்டினான். திறந்திருந்த குழாயில் தண்ணீர் மெலிந்து நூலாயிற்று. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அக்காவின் குரலில் இப்போது கோபம் இல்லை.

"இந்த வருஷம் நான் எடுக்கப்போறது இவ்வளவுதானேடா தம்பி. அடுத்த வருஷம் இதுலயும் பாதியா வெட்டுவாங்களா?"