ஈரக் கை

அந்தக் குடும்பத்தில் மூத்தவளுக்குச் 'சோப்பு' என்று பேர். வைத்தவள் தங்கை, ஆறு வயதில். யார் கழுவி வைத்த தம்ளரானாலும் அக்கா இன்னொரு முறை கழுவாமல் வாயில் வைக்கமாட்டாள். கல்யாணமாகிப் போன இடத்துக்கும் அந்தப் பேர் கூடவே போயிற்று. "சோப்பைக் கட்டிக்கிட்டுக் கரைஞ்சுபோன ஆளு நான்" என்பார் அத்தான். அக்கா சிரிக்காமல் அவர் சட்டைக் காலரை ஒருமுறை திருப்பிப் பார்ப்பாள்.

தங்கைக்கு ஒரு சின்ன க்ரீம் கம்பெனியில் வேலை. எதில் எதை எவ்வளவு கலப்பது என்று எழுதுவது அவள்தான். ஓர் அறையில் எஃகு அண்டா, மற்றதில் தராசும் அலமாரியும், அவ்வளவுதான் கம்பெனி. எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் சேர்த்துவைக்கும் எமல்சிஃபையருக்கு அங்கே 'கல்யாணத் தரகர்' என்று பேர். கிருமி அண்டாமல் பார்த்துக்கொள்ளும் மருந்துக்குக் 'காவல்காரன்'. "தரகர் வந்தாச்சு, காவல்காரனைக் கூப்பிடு" என்று அண்டா கலக்குகிறவர் குரல் கொடுத்தால் புதிதாக வந்தவர்கள் வாசலைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

அக்காவுக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆனது. தோல் காய்ந்து, ஓயாத அரிப்பு. தங்கை கொண்டுவந்து கொடுத்த லோஷன்தான் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

"நல்லாத்தான்டி இருக்கு. ஆனா தண்ணியா ஓடுது. எனக்குப் பாதி, விரிப்புக்குப் பாதி. கொஞ்சம் கெட்டியா செய்யக் கூடாதா? இருபது வருஷமா அங்க என்னத்தைத்தான் கலக்குறே?"

விளையாட்டுப் பேச்சுதான். ஆனாலும் தங்கைக்கு ரோஷம் வந்துவிட்டது. கடைக்காரர்களும் அதே குறையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எமல்சிஃபையரை இரண்டு மடங்காக்கினாள். கெட்டியாக்கும் செல்லுலோஸ் பொடியைச் சேர்த்தாள். கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத க்ரீம் வந்தது.

கலவையில் எதை மாற்றினாலும் அதற்குள் வேண்டுமென்றே கிருமியைப் போட்டு, இருபத்தெட்டு நாள் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது அவளே எழுதி ஒட்டிய விதி. அன்று அவளுக்குப் பொறுமையில்லை. காவல்காரனைத் தொடவே இல்லையே, அதே மருந்து, அதே அளவு என்று நினைத்தாள். பழைய கலவைக்கு வந்த ரிப்போர்ட்டை நகலெடுத்துப் புதிய கோப்பில் செருகினாள். அகலவாய் டப்பாக்களில் நிரப்பியதும் முதல் டப்பா அக்காவுக்குப் போயிற்று.

ஐந்தாவது வாரம் அக்காவின் இடது கையில் சிவந்து சிவந்து கொப்புளம். சீழைச் சோதித்த டாக்டர், ஈரத்தில் வளர்கிற கிருமி என்று மாத்திரை கொடுத்து, கையில் என்ன தடவுகிறீர்கள் என்று கேட்டார்.

தங்கை போய் டப்பாவைத் திறந்தாள். க்ரீம் ஓரத்தில் நீர் விட்டிருந்தது. புளித்த வாடை. அக்கா கட்டிலில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தான் வாசற்படியில் நின்றார்.

"என்னடி ஆச்சு இதுக்கு?"

தங்கைக்குக் காது சூடேறியது. "ஈரக் கையை உள்ள விட்டிருப்பே. அகல டப்பான்னா அப்படித்தான் ஆகும்."

அத்தான் சிரித்துவிட்டார். "யாரு, சோப்பா? நல்லாருக்கே கதை!"

அக்கா சிரிக்கவில்லை. தன் வலது கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். "கழுவிட்டுத்தான் எடுப்பேன். துடைச்சேனா இல்லையான்னு..." கொஞ்சம் யோசித்தாள். "விட்டிருப்பேன்டி. டயாலிசிஸ் முடிஞ்சு வந்தா எனக்கு ஒண்ணும் ஓடுறதில்லை."

"பரவாயில்லைக்கா" என்றாள் தங்கை. மன்னித்துவிட்டாள்.

டப்பாவைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினாள். மருந்து எழுதிய அளவுக்குக் குறையாமல் இருந்தது. அன்றைக்கே அக்காவுக்குப் போன் செய்து, "மருந்தெல்லாம் சரியா இருக்குக்கா" என்று சொன்னாள். அக்கா, "அப்ப என் கைதான்" என்றாள்.

சோதனைக்கூடத்துக்காரருக்கு மட்டும் மனம் ஆறவில்லை. பழைய லோஷனையும் திறக்காத புது டப்பா ஒன்றையும் கலவைக் குறிப்போடு கம்பெனியில் கேட்டு வாங்கி, இரண்டிலும் ஒரே அளவு கிருமியைப் போட்டு வைத்தார். இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டார்.

"பழையதுல ஏழாம் நாளே கிருமி ஒண்ணுகூட இல்லை, மேடம். புதுசுல போட்டதைவிட அதிகமா இருக்கு."

"மருந்து சரியாத்தானே இருக்குன்னீங்க?"

"இருக்கு. எங்க இருக்குன்னு பாக்கணும் இல்லையா? கிருமி இருக்கிறது தண்ணியில. காவல்காரன் நிக்க வேண்டியதும் தண்ணியிலதான். நீங்க தரகர் கூட்டத்தை ரெண்டு மடங்காக்கிட்டீங்க. எண்ணெயை அணைச்சு மிஞ்சினவங்க சும்மா இருப்பாங்களா? குட்டிக் குட்டிப் பந்தா கூடி, காவல்காரனைக் கையைப் பிடிச்சு உள்ள இழுத்து உக்கார வெச்சுட்டாங்க. மிச்சம் இருந்தவனை உங்க கெட்டிப் பொடி பிடிச்சுக்கிச்சு. எண்ணிப் பாத்தா ஆள் சரியா இருக்கான். வாசல்ல யாரும் இல்லை."

கம்பெனிப் பட்டப்பேர்கள் பழகிய அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். அவளுக்குத் தன் கையாலேயே நகலெடுத்துச் செருகிய தாள் நினைவுக்கு வந்தது.

முதலாளியிடம் அன்றைக்கே சொன்னாள். நகலெடுத்ததையும் சொன்னாள். அவர் மேசையைத் தட்டிக் கத்தினார். கடைகளிலிருந்து டப்பாக்கள் திரும்பி வந்தன. கலவையை மாற்றி, இந்த முறை இருபத்தெட்டு நாளும் காத்திருந்தாள். முதலாளியின் கத்தல் தாங்கக்கூடியதாகத்தான் இருந்தது. அவரிடம் திறந்த வாய் அக்காவிடம் திறக்கவில்லை.

சொல்லிவிடுவது என்றுதான் புது டப்பாவோடு போனாள். கை ஆறி, தழும்பு மட்டும் இருந்தது. அக்கா தலையணைக்கு அடியிலிருந்து வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு சின்னக் கரண்டியை எடுத்துக் காட்டினாள்.

"இங்க பாரு. வெந்நீர்ல போட்டு, துடைச்சு, வெயில்ல காய வெச்சது. இனிமே கையே படாது. உன் க்ரீமை நான் கெடுக்கமாட்டேன்டி."

குழந்தை வீட்டுப்பாடத்தைக் காட்டுவதுபோல அதை நீட்டிக்கொண்டிருந்தாள். தங்கை புது டப்பாவை அவள் பக்கத்தில் வைத்தாள். அடுத்த வாரம் சொல்லலாம் என்று நினைத்தாள். அடுத்த வாரம் அக்காவுக்குக் காய்ச்சல். அதற்கடுத்த வாரம் நன்றாகச் சிரித்துப் பேசினாள்; அந்தச் சிரிப்பைக் கெடுப்பானேன் என்று ஒரு சாக்கு. சாக்குக்கா பஞ்சம்? இப்படியே இரண்டு மாதம் போயிற்று. ஒரு முற்பகலில், டயாலிசிஸ் நாற்காலியிலேயே அக்காவின் இதயம் நின்றுபோனது.

இதயம் முன்பே பலவீனம், கைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார். தங்கை அதை நம்பினாள். அவளை உறுத்தியது சாவு இல்லை, அந்தக் கரண்டி.

அக்காவின் அலமாரியை ஒழிக்கக் கூப்பிட்டிருந்தார் அத்தான். புடவைகளுக்கு மேல், மடிப்புக் கலையாத துணியில் அது இருந்தது. தங்கை தரையில் உட்கார்ந்துவிட்டாள். கலவையை, நகலை, சோதனையை, எல்லாவற்றையும் சொன்னாள். அத்தான் கையிலிருந்த புடவையை மடித்து முடித்தார்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"அவ போறதுக்கு மூணு மாசம் முன்னாடி."

"மூணு மாசம்." அவர் அடுத்த புடவையை எடுக்கவில்லை. "அவ ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தா, தெரியுமா? நர்ஸ்கிட்ட, மாடி வீட்டம்மாகிட்ட. கையில என்னன்னு யார் கேட்டாலும், 'தங்கச்சி நல்லாத்தான் செஞ்சா, நான்தான் ஈரக் கையை விட்டுக் கெடுத்துட்டேன்'னு. உன் பேர் கெடக் கூடாதாம்."

"என்னைத் திட்டுங்க அத்தான்."

"திட்டினா உனக்குச் சுலபமாப் போயிடும். அவ சொன்ன இடத்துக்கெல்லாம் நீ போய்ச் சொல்லு."

மறுநாள் டயாலிசிஸ் பிரிவுக்குப் போனாள். அக்காவின் நாற்காலியில் வேறு யாரோ கண்ணை மூடிப் படுத்திருந்தார்கள். நர்ஸ் கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தாள்.

"அந்தக் க்ரீம் கெட்டது அக்காவால இல்லை" என்றாள் தங்கை. "நான் செஞ்சதுதான் தப்பு. அவ கை ஈரமாவே இல்லை."

நர்ஸ் அவளை ஒரு கணம் பார்த்தாள். "அந்தம்மாவா? நான் துடைச்ச நாற்காலியையே மறுபடி துடைச்சுட்டு உக்காருவாங்க. அவங்க சொன்னதை இங்க யாருமே நம்பலைங்க." கையுறையைத் தொட்டியில் போட்டாள். "அவங்கதான் நம்பிட்டு இருந்தாங்க."

உள்ளே ஏதோ இயந்திரம் கத்தியது. நர்ஸ் போய்விட்டாள். தங்கை வெளியே வந்து, மாடி வீட்டம்மாவைப் பார்க்கப் பஸ் ஏறினாள்.