பதினேழு வரிப் புகார்

கட்சி அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்த அவரை எல்லோரும் டைப்பு என்றுதான் கூப்பிட்டார்கள். தலைவர் "யோவ் டைப்பு" என்பார். தலைவர் ஊரில் இல்லாத நாளில் வாசல் காவலாளிகூட "என்ன டைப்பு, சாப்டாச்சா" என்பான். இருபத்திரண்டு வருடமாக அந்தக் கட்டடத்திலிருந்து வெளியே போன கண்டனம், இரங்கல், ராஜினாமா, ராஜினாமாவை வாபஸ் வாங்கும் கடிதம் எல்லாம் அவர் விரல் வழியாகத்தான் போயின. யார் யாரைத் திட்டினாலும் பிழையில்லாமல் திட்ட வைத்தவர் அவர். என்ன பிரயோஜனம்? அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி.

அந்தத் திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்குக் காவலாளி தன் கைப்பேசியை அவர் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"டைப்பு, இதப் பாரு. நம்ம போன் பொண்ணு தலைவர் மேல புகார் குடுத்திருக்காம். ஊரே படிக்குது."

திரையில் இருந்த பக்கத்தை டைப்பு பார்த்தார். எழுத்து அவருடைய கணினியின் எழுத்து. ஓரத்தில் விட்டிருந்த இடமும் அவர் விடுகிற அளவுதான். எந்தத் தாளைக் கையில் எடுத்தாலும் முதலில் வரியை எண்ணிவிட்டுத்தான் படிப்பார், அது தொழில் பழக்கம். எண்ணினார். இருபத்தொன்று.

அவர் அடித்தது பதினேழு வரி.

போன் பொண்ணு என்பவள் கீழ்த்தளத்தில் தொலைபேசி எடுக்கிறவள். இரண்டு வருடமாக மதியச் சாப்பாட்டு வேளையில் தன் மேஜைக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க அண்ணா, நின்னுக்கிட்டே அள்ளிப் போட்டா உடம்புல ஒட்டாது" என்று அவரை மிரட்டிச் சாப்பிட வைக்கிறவள். ஒரு மாதம் முன்னால் ஒரு மதியம் அவள் டப்பாவைத் திறக்கவே இல்லை. அவருடைய அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, "அண்ணா, எனக்கு ஒரு புகார் அடிச்சுத் தரணும். எனக்கு எழுத வரல" என்றாள்.

அவள் சொல்லச் சொல்ல அவர் அடித்தார். கூட்டக் குறிப்பு வேண்டும் என்று தலைவர் அறைக்கு அழைத்தது. கதவைச் சாத்தியது. கையைப் பிடித்து இழுத்தது. அவள் உதறிவிட்டு வெளியே வந்தது. மறுநாள் "எதுவும் நடக்கல, புரியுதா" என்று தலைவர் சொன்னது. இவ்வளவுதான். ஒரு சொல் கூட்டவில்லை அவள். நடுவில் டைப்பு "பலவந்தமாக" என்று ஒரு வார்த்தை போட்டபோதுகூட, "வேணாம் அண்ணா, நடந்தது மட்டும் இருக்கட்டும்" என்று எடுக்கச் சொன்னாள். கையெழுத்துப் போட்டு உறையில் வைத்து அலுவலகச் செயலாளரிடம் கொடுத்தாள்.

"இதுல உனக்கு ஒரு காப்பி வேணாமா?" என்று கேட்டார்.

"வீட்ல அம்மா கண்ணுல பட்டா செத்துடுவாங்க. உங்க மெஷின்லயே இருக்கட்டும் அண்ணா. உங்ககிட்ட இருந்தா பத்திரமா இருக்கும்."

பத்திரம்! அந்த வார்த்தையை நினைத்தால் இப்போதும் அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

செயலாளர் தலைவரின் ஆள். உறை எந்த அலமாரிக்குள் போனதோ, மூச்சுப் பேச்சில்லை. இரண்டு வாரம் கழித்துத் துணைத் தலைவர் டைப்பைத் தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். தலைவருக்கும் துணைத் தலைவருக்கும் ஆகாது என்பது அந்தத் தெரு நாய்க்கும் தெரியும். உள்ளே போனதும் துணைத் தலைவர் எழுந்து நின்றார். எழுந்து நின்று, "வாங்க சார், உக்காருங்க" என்றார்.

இருபத்திரண்டு வருடத்தில் மேல்மாடி அறை எதிலும் டைப்பு உட்கார்ந்ததில்லை. நோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார், சொல்வதைக் குறிப்பார், போவார். மெத்தை போட்ட நாற்காலி. உட்கார்ந்தார். டீ வந்தது, தட்டோடு.

"அந்தப் பொண்ணுக்கு அநியாயம் நடந்திருக்கு சார். புகாரை அமுக்கிட்டாங்க. அந்த ஃபைல் உங்ககிட்ட இருக்கும்னு கேள்விப்பட்டேன். குடுத்தீங்கன்னா நியாயம் கிடைக்க நான் ஆச்சு."

அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கீழே இறங்கினால் இருபது படி. ஒரு பிரிண்ட் எடுத்துக் கொடுத்திருந்தால்கூடத் தாளாகவே இருந்திருக்கும், அதில் வரி சேர்ப்பது லேசல்ல. துணைத் தலைவர் ஃபைலைக் கேட்டார், இவர் பென் டிரைவில் ஃபைலையே போட்டுக் கொடுத்தார். அவளுக்கு நல்லதுக்குத்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பொய். சார் என்ற சொல் காதில் இனித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

துணைத் தலைவருக்குப் பதினேழு வரி போதவில்லை. கையைப் பிடித்தார், கதவைச் சாத்தினார் என்றால் ஒரு தலைவர் கவிழ்வாரா? நாலு வரி சேர்த்தார்கள். பதினான்காம் தேதி மாலை, விருந்தினர் மாளிகையில், என்று தொடங்கி வாய் கூசுகிற நாலு வரி. அவள் பெயரையும் மறைக்காமல் இணையத்தில் விட்டார்கள்.

அலுவலக மாடியில் ஒரே ஹால், நடுவில் பிளைவுட் தடுப்பு. இந்தப் பக்கம் தலைவரின் ஆட்கள், அந்தப் பக்கம் துணைத் தலைவரின் ஆட்கள். ஆளுக்குப் பத்துக் கைப்பேசி, ஒவ்வொன்றிலும் முப்பது பொய்ப் பெயர். ஒருவனே இல்லத்தரசி, ஓய்வு பெற்ற ஆசிரியர், நடுநிலைக் குடிமகன் எல்லாம். காலையில் அந்தப் பக்கம் 'எங்கள் சகோதரிக்கு நீதி வேண்டும்' என்று கொதித்தது. இந்தப் பக்கத்து நடுநிலைக் குடிமகன், சகோதரிக்கு நீதி கேட்டவனிடமே சார்ஜர் இரவல் வாங்கிக்கொண்டு அவளைத் திட்டத் தொடங்கினான்.

மதியத்துக்குள் தலைவரின் ஆட்கள் ஒரு படத்தை எடுத்து வெளியே விட்டார்கள். பதினான்காம் தேதி மருத்துவமனைக் கட்டிலில் தலைவர், வலது கண்ணில் பெரிய கட்டு. கண் அறுவை சிகிச்சை. தேதியும் நேரமும் போட்ட சீட்டு பக்கத்தில். புகார் பொய், புகார் கொடுத்தவள் பொய்க்காரி. சாயங்காலத்துக்குள் கண்ணில் கட்டுப் போட்டுக் கண்ணடிக்கிற பொம்மைப் படங்கள் நூற்றுக்கணக்கில் சுற்றின. போன் பொண்ணின் மேஜையில் தொலைபேசி ஓயவில்லை. எடுத்தால் எதிர்ப்பக்கம் சிரித்தார்கள். வேலை அதுதான் என்பதால் அவள் எடுத்துக்கொண்டே இருந்தாள்.

புதன்கிழமை தலைவரும் துணைத் தலைவரும் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். துணைத் தலைவருக்குச் செயல் தலைவர் பதவி. மாடியில் தடுப்பைக் கழற்றிப் படிக்கட்டில் சாய்த்து வைத்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே குரலில் ஒரு வாக்கியத்தை எழுதத் தொடங்கின: கட்சியைப் பிளக்க நினைத்த பெண் யாருடைய கைக்கூலி?

செயல் தலைவர் டைப்பை நடைவழியில் மடக்கினார்.

"யோவ் டைப்பு, அந்த ஃபைல் இன்னும் வெச்சிருக்கியா? அழிச்சிடு. நாங்கதான் ஒண்ணாயிட்டோம்ல."

சார் எங்கே போனாரோ. "அழிச்சிட்டேங்க" என்றார் டைப்பு. அழிக்கவில்லை. வீரமெல்லாம் ஒன்றுமில்லை, கை வரவில்லை.

வியாழக்கிழமை விசாரணைக் குழு கூடியது. குழுத் தலைவி ஒரு வக்கீலம்மா, கூட இரண்டு பேர், ஓரத்தில் பேனாவை உருட்டிக்கொண்டு செயல் தலைவர். கையெழுத்துப் போட்ட தாள் வந்து சேரவே இல்லை, இணையத்தில் வந்ததுதான் இருக்கிறது என்றார்கள்.

"கடைசி நாலு வரி நான் எழுதலைங்க" என்றாள் போன் பொண்ணு. குரல் நடுங்கவில்லை. "அண்ணாவைக் கேளுங்க. அண்ணாதான் அடிச்சாங்க. அவங்க மெஷின்ல இருக்கு."

வக்கீலம்மா டைப்பைப் பார்த்தாள். "சொல்லுங்க. நீங்க அடிச்சது இதுதானா?"

செயல் தலைவரின் பேனா நின்றது. ஆமாம் என்றால் பாவம். இல்லை என்றால், வேறு யாருக்கு ஃபைல் போனது என்ற கேள்வி அடுத்த மூச்சில் வரும், அதை அவள் முன்னால் சொல்ல வேண்டும்.

"தினம் அம்பது தாள் அடிக்கிறேங்க" என்றார் டைப்பு. "ஞாபகம் இல்லைங்க."

நாளை பதினொரு மணிக்குள் வேறு ஆதாரம் காட்டாவிட்டால் கட்சியை விட்டு நீக்கி, அவதூறு என்று போலீசிலும் புகார் கொடுக்கப்படும் என்று அவளிடம் சொல்லிக் கலைந்தார்கள்.

வெளியே அவள் அவருக்காக நின்றுகொண்டிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தார். திட்டினால் தேவலை என்றும் நினைத்தார்.

"விடுங்க அண்ணா" என்றாள். "உங்களையும் மிரட்டியிருப்பாங்க. காலேஜ் படிக்கிற பொண்ணை வெச்சுக்கிட்டு நீங்கதான் என்ன செய்வீங்க? எனக்குத் தெரியாதா?" சுவரோரம் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க. முகமெல்லாம் வேர்த்திருக்கு பாருங்க."

உட்கார்ந்தார். மெத்தை இல்லாத, ஒரு கால் ஆடுகிற நாற்காலி. இரண்டு வருடமாகத் தினமும் ஒருத்தி உட்காரச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். அதை அவர் மரியாதைக் கணக்கிலேயே சேர்த்ததில்லை. அங்கேயே பூமி பிளந்து தன்னை விழுங்கினால் நன்றாயிருக்கும் என்று இருந்தது.

சாயங்காலம் வீட்டில் மனைவி அடுப்படியில் நின்றபடி கேட்டாள்.

"அந்தக் கண்ணு கட்டு விஷயம், உங்க ஆபீஸ் பொண்ணுதானாமே? நானும் ஜோக்குன்னு எங்க அக்கா தங்கச்சி குரூப்ல போட்டுட்டேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாளுங்க."

"அது அவ எழுதினது இல்ல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தானே அடிச்சேன்."

"அப்ப போய்ச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா, யாரு வெளிய குடுத்ததுன்னு கேப்பாங்க."

மனைவி திரும்பினாள். முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. முப்பது வருடம் குடித்தனம் நடத்தியவளுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

"எதுக்குக் குடுத்தீங்க?"

நியாயம், கட்சி, அவளுக்கு நல்லது என்று என்னென்னவோ வாய்வரை வந்தன. கடைசியில், "உக்காரச் சொன்னான்" என்றார். "சார்னு கூப்பிட்டான்."

மனைவி அடுப்பை அணைத்துவிட்டுக் கைப்பேசியை எடுத்துக் குரூப்பில் போட்ட படத்தைத் தேடி நீக்கினாள். பார்த்தவர்கள் ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது என்பது இருவருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு டைப்பு அலுவலகத்தைத் திறந்தார். பழைய ஃபைல் அப்படியே இருந்தது, ஒரு மாதத்துக்கு முந்தைய தேதியோடு. பதினேழு வரி. பிரிண்ட் எடுத்தார். தேதி தெரிகிற திரையையும் ஒரு பிரிண்ட் எடுத்தார். இரண்டையும் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போன் பொண்ணின் வீட்டுக்குப் போனார்.

மூன்றாவது மாடி. அழைப்பு மணியின் ஒயரை யாரோ உள்ளிருந்தே பிடுங்கி விட்டிருந்தார்கள். கதவில், கண் உயரத்தில், ஒரு பேண்டேஜ் துணியைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். பாதி கிழித்தது போக மீதி அப்பிக்கொண்டிருந்தது. அதை நகத்தால் சுரண்டினார், வரவில்லை. தட்டினார். அவள்தான் திறந்தாள்.

"அண்ணா! உள்ள வாங்க. அம்மா, அண்ணா வந்திருக்காங்க." சாப்பாட்டு மேஜையிலிருந்து நாற்காலியை இழுத்தாள். "உக்காருங்க."

அவர் நின்றபடியே தாள்களை நீட்டினார். அவள் படித்தாள். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள்.

"இதேதான். நான் சொன்னது இவ்வளவுதான் அண்ணா. வேலை போனாலும் பரவால்லன்னு எடுத்துட்டு வந்தீங்களா? நீங்க நல்லா இருக்கணும் அண்ணா."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் அந்த வீட்டில் அவர் தெய்வம். அவளுடைய அம்மா சமையலறையிலிருந்து கை கூப்பிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள்.

"இந்த ஃபைலை அவங்ககிட்ட குடுத்ததே நான்தான்மா" என்றார்.

அவளுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. அப்போதும் அவருக்காக அவளே ஒரு வழி தேடினாள்.

"மிரட்டினாங்களா?"

தலையை ஆட்டினால் போதும்.

"இல்லம்மா. யாரும் மிரட்டல. கேட்டாங்க, குடுத்துட்டேன்."

அம்மாவின் கூப்பிய கை மெல்ல இறங்கியது. மகள் தாள்களை ஓரம் பார்த்து மடித்தாள். நேரம் எடுத்துக்கொண்டு மடித்தாள்.

"பதினோரு மணிக்குக் குழு. அங்க வந்து இதையும் சொல்வீங்களா?"

"சொல்றேன்மா."

"எல்லார் முன்னாடியும்?"

"எல்லார் முன்னாடியும்."

அவள் நாற்காலியை எடுத்து மேஜைக்கடியில் திரும்பத் தள்ளினாள். கதவைப் பிடித்துக்கொண்டு அவர் வெளியே போவதற்காகக் காத்து நின்றாள்.

"சரி. நேரத்துக்கு வந்துடுங்க சார்" என்றாள்.