மெத்தைப் பிடித்தம்

சட்டையைக் கழற்றக்கூட அவள் விடவில்லை. சம்பளக் கவரைப் பிரித்தவள், மூலையில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று அதைக் கவிழ்த்து உதறினாள்.

"மீதி எங்க?"

"மெத்தைக்குப் பிடிச்சுட்டாங்க" என்றான் அவள் புருஷன், காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுக்கொண்டேன் என்பதுபோலச் சாதாரணமாக.

அவன் லாரி ஓட்டுகிறவன். தார்ப்பாய் கிழிந்திருக்கிறது, மாற்றிக் கொடுங்கள் என்று ஆபீசில் அவன் சொல்லாத நாளில்லை. சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். போன நடையில் மழை பிடித்துக்கொண்டது. ஏற்றியிருந்த மெத்தைகளில் ஒன்று ஓரத்தில் நனைந்துவிட, கடைக்காரர் அதை மட்டும் வேண்டாமென்று திருப்பி அனுப்பினார். மழைக்குச் சம்பளம் கிடையாது என்பதால் மேனேஜர் அதை டிரைவரிடம் கழித்தார். அந்த மேனேஜருக்கு டிரைவர்கள் வைத்த பெயரே 'கழித்தல்'. பெற்றவள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டவள், வேறொன்று கேட்டாள்.

"சரி. நாம வாங்கின மெத்தை எங்க?"

அவன் விழித்தான். இத்தனை வருஷத்தில் அவன் தலையில் உதிக்காத கேள்வி. சம்பளத்தில் பிடித்தால் பிடித்ததுதான். பொருள் எங்கே போனது என்று கேட்கிற வழக்கம் அந்தத் தொழிலில் கிடையாது. தலையைச் சொறிந்தபடி சொன்னான்: வெயிலில் காயவைத்து, முதலாளி மதியம் சாய்வதற்கு ஆபீஸ் உள்ளறையில் போட்டிருக்கிறார்கள். தூக்கிக்கொண்டு போய்ப் போட்டதே அவன்தான்.

"நல்லா தட்டிப் போட்டீங்களா? முதலாளிக்கு முதுகு வலிக்கப்போவுது."

அதற்குள் செல்போன் அடித்தது. கழித்தல்தான். அடுத்த லோடு ஏற்றியாயிற்று, உடனே வந்து வண்டியை எடு, தாமதமானால் அதற்கும் பிடிப்பேன் என்றார். அப்போதுதான் ஓட்டி முடித்து வந்தவன்; கண் இரண்டும் மிளகாய்ப் பழமாய்ச் சிவந்திருந்தன. செருப்பை மாட்டினான், அதுவும் கால் மாற்றி.

அவள் அதைப் பார்த்தாள். இந்தக் கண்ணோடு போனால் வீட்டுக்குத் திரும்பி வருவது ஆளா, சேதியா? போகாதீர்கள் என்று அழுது பார்த்ததெல்லாம் பழைய கதை. இந்த முறை அழவில்லை. ஒரு தலையணையை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, நானும் வருகிறேன் என்று முன்னால் நடந்தாள்.

உள்ளறையில் முதலாளி அப்போதுதான் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். கதவைத் தட்டாமல் வந்த பெண்ணையும் தலையணையையும் மாறி மாறிப் பார்த்தார். பின்னாலேயே ஓடிவந்த கழித்தல், இங்கெல்லாம் வரக்கூடாது, இது கம்பெனிப் பொருள் என்று குதித்தார்.

"மெத்தை உங்களுதுன்னா பிடிச்ச பணத்தைக் குடுங்க சார். பணம் உங்களுதுன்னா மெத்தை எங்களுது. ரெண்டுமே உங்களுதுன்னா அதுக்கு வேற பேரு இருக்கு. பொம்பள நான் சொல்லக் கூடாது."

முதலாளி பெரிய மனிதர், அதனால் சிரித்தார். போகட்டும், மெத்தையை லாரியிலேயே போட்டு வீட்டில் இறக்கிவிட்டு அப்படியே லோடுக்குப் போகட்டும் என்றார்.

"வீட்டுக்கு எதுக்குங்க? வீட்டுல இவரு எங்க இருக்காரு? இங்கயே கிடக்கட்டும்."

தலையணையை மெத்தையில் போட்டுத் தட்டினாள். வேலை போனால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை.

"படுங்க."

அவன் முதலாளியைப் பார்த்தான், கழித்தலைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். மூவரில் யாருக்குப் பயப்படுவது என்பதில் அவனுக்குக் குழப்பமே இல்லை. படுத்தான். குறட்டை படுத்த பிறகு வந்ததா, அதற்கு முன்பே வந்துவிட்டதா என்று சொல்வது கஷ்டம்.

முதலாளியின் சிரிப்பு காணாமல் போனது. கழித்தல் உலுக்கினார், அதட்டினார், சீட்டைக் கிழித்துவிடுவேன் என்றார். மெத்தை அசைந்தது, ஆள் அசையவில்லை. உடனே வாசலுக்கு ஓடி, டீ குடித்துக்கொண்டிருந்த இன்னொரு டிரைவரை இழுத்து வந்தார். நெட்டையன் என்று கூப்பிடுவார்கள். இவனுக்கு இனி வேலையில்லை, வண்டியை நீ எடு என்று சாவியை நீட்டினார் முதலாளி.

நெட்டையன் சாவியை வாங்கிவிட்டால் எல்லாம் முடிந்தது.

நெட்டையன் தூங்குகிறவனைப் பார்த்தான். "என்னக்கா இது?" என்றான்.

"பிடிச்ச காசுக்கு மெத்தை, தம்பி. நம்ம காசு, நம்ம மெத்தை. அவ்வளவுதான்."

அவன் அறையைச் சுற்றிலும் ஒருமுறை பார்த்தான். முதலாளியின் மேசைமேல், அவன் ஏற்றி வந்த லோடில் கூண்டு நசுங்கிய ஃபேன் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது.

"அப்போ இந்த ஃபேன் என்னுதுங்க ஐயா" என்று பணிவாகச் சொல்லி, முதலாளியின் முகத்துக்கு வீசிய காற்றைத் தூங்குகிறவன் பக்கம் திருப்பினான். "அண்ணன் எந்திரிக்கட்டும். அப்புறமா லோடப் பத்திப் பேசலாம்." சாவி முதலாளியின் கையிலேயே தொங்கியது.

வாசலில் மற்ற டிரைவர்கள் கூட ஆரம்பித்திருந்தார்கள். ஒருவன் சுவர்க்கடிகாரத்தை உற்றுப் பார்த்தான். இன்னொருவன் முதலாளியின் நாற்காலியை. அந்த அறையில் எது எது யார் சம்பளத்தில் பிடித்தது என்று கழித்தலுக்குத் தெரியும். அவசரமாகக் கதவைச் சாத்தப் போனவர், சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

கதவும் யாரிடமோ பிடித்ததுதான்.